படித்தபின் நீக்கு

ஆனி 2, திங்கள்

விடியும்போதே காற்று. வாசலில் வேப்பஞ்சருகை இரண்டு முறை பெருக்கியாயிற்று என்றாள் என் மனைவி சரசு. காலை 9 முதல் மின்தடை என்று அறிவிப்பு. அதனால் 5.30-க்கே கணினி முன்.

வேலை: கோயில் மெயில் நிரலுக்குப் புதிய லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு. மெயில் அனுப்பவும் வாங்கவும் இதுவரை நம்பியிருந்த லைப்ரரியை எழுதியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இனித் திருத்தம் வராது. ஆடிப் பொங்கலுக்குள் புதியதற்கு மாற வேண்டும். கையேடு 140 பக்கம். அச்சிட்டு நூலில் கோத்து வைத்திருக்கிறேன். திரையில் படித்தால் மனதில் நிற்பதில்லை. வயதா, முன்பும் இப்படித்தானா, தெரியவில்லை. பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் பாடம் எடுத்தவன் என்று சொல்லிக்கொள்ளவே சில நாள் கூச்சம்.

அமைக்க வேண்டியவை:
1. வாங்கும் சர்வர், போர்ட் 993
2. அனுப்பும் சர்வர், போர்ட் 587
3. பாஸ்வேர்ட். நிரலுக்குள் எழுதக்கூடாது, தனிக் கோப்பு
4. பதிலுக்குக் காத்திருப்பது: 30 விநாடி
5. பெட்டியைத் திறந்து பார்ப்பது: 15 நிமிடத்துக்கு ஒருமுறை
6. படித்தபின் நீக்கு: ஆம் (பழையபடியே)

ஆறாவதற்குக் காரணம் எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும்.

எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளி வீடுகள் 310. பாதிப் பேர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர். மீதிப் பேர் கோழிப் பண்ணை, தறி, பெங்களூர், துபாய். ஒரு வீட்டில் சாவு என்றால் எல்லா வீட்டுக்கும் தீட்டு. அன்றைக்கே தெரிய வேண்டும். முன்பு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே சாவுச் செய்தி காணாமல் போனது. ஒருவர் சாவுச் செய்திக்குக் கட்டைவிரல் காட்டினார். அதில் சண்டை வந்து குழுவைக் கலைத்தார்கள். செயலாளர் குமரேசன் என்னிடம் வந்தார். கோயிலுக்கு ஒரு மெயில் முகவரி. அதற்கு எழுதினால் நிரல் எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிடும். இதுதான் நான் செய்து கொடுத்தது.

தை மாதம் ஒருநாள், அனுப்பும் நடுவில் நெட் போய், நிரல் மறுபடி முதலில் இருந்து தொடங்கி, ஒரே சாவுச் செய்தி பாதிப் பேருக்கு இரண்டு தடவை. ராசிபுரத்திலிருந்து ஒருவர் தொ.பேசியில், "ஏனுங்க சார், ஒரு மனுசன எத்தன தடவைங்க சாவடிப்பீங்க?" அன்று நான் சாப்பிடவில்லை.

அதன்பின் வரிசையை மாற்றினேன். கடிதத்தை எடுத்தவுடன் பெட்டியிலிருந்து நீக்கு, பிறகு அனுப்பு. இனி இரண்டாம் முறை போக வழியே இல்லை. குமரேசனுக்கும் அது பிடித்திருந்தது. கருமாதிப் பத்திரிகையை நாங்கள் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை, வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவோம். "கோயில் பொட்டியில கேதச் சேதி தங்கக் கூடாதுங்க சார்" என்று அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்; கேதம் என்றால் எங்கள் ஊரில் சாவு, துக்கம். இரண்டு கவலையும் ஒரே வரியில் தீர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

இரத்த அழுத்த மாத்திரை ஆறு பாக்கி. கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

ஆனி 3, செவ்வாய்

வாங்கும் பகுதி இணைந்தது. அனுப்பும் பகுதி மூன்று முறை மறுத்தது. காரணம், பாஸ்வேர்டின் கடைசியில் நான் அறியாமல் விட்ட ஓர் இடைவெளி. ஒரு மணி நேரம் வீண். மாணவன் யாராவது செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்.

கா. 11, குமரேசன். முறைக்குத் தம்பி. அவருடைய மகன் என்னிடம் படித்ததால் சார் என்றே கூப்பிடுவார். பின்னால் ரிக் ஓடும் சத்தம்.

"சார், ஜலகண்டாபுரத்து நாச்சிமுத்தண்ணன் போன செவ்வாக்கெழமயே எறந்துட்டாருங்களாமா. அவுரு புள்ள தேன்மொழி இப்பத்தான் போனுல என்னையக் கிழிச்சுப்போட்டுது. கோயில் மெயிலுக்குப் போட்டேன், ஒரு பங்காளிகூட வந்து எட்டிப் பாக்கலைன்னு. அப்படி ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

பெட்டியைத் திறந்துதான் வைத்திருந்தேன். காலியாக இருந்தது.

"வந்த மாதிரித் தெரியலைங்க" என்றேன்.

"அதானே. வந்திருந்தா எனக்கும் வந்திருக்கோணுமல்லங்க."

வைத்துவிட்டார்.

நாச்சிமுத்துவுக்கு என்னைவிட நான்கு வயது கூட. முதல் பொங்கல் பானை யாருடையது என்ற தகராறில் அவர்கள் வீடு கோயிலை விட்டு விலகி இருபத்திரண்டு வருடம். போன ஆடியில்தான் மறுபடி வந்தார்கள். பானையை இறக்கும்போது அவரோடு மகளும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். பெயர்ப் பட்டியலில் அவர்கள் முகவரியை ஏற்றியது நான். "எந்தச் சேதியா இருந்தாலும் இந்த முகவரிக்குப் போடும்மா, எல்லா வீட்டுக்கும் போயிரும்" என்று தேன்மொழியிடம் சொன்னதும் நான்.

அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. பங்காளி வீட்டுக் கைதான் கொள்ளி வைத்திருக்க வேண்டும்.

பெட்டி காலி என்றால் கடிதம் வரவில்லை என்று பொருளா? இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. என் பெட்டி எப்போதுமே காலியாகத்தான் இருக்கும். நான்தான் அப்படி அமைத்தேன்.

நாளை லாக் பார்க்க வேண்டும்.

ஆனி 4, புதன்

பார்த்தேன். நிரல் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாக எழுதிவைக்கும் கோப்பு அது. வைகாசி 27, செவ்வாய்:

9.45 பெறப்பட்டது: 1. அனுப்பியவர்: தேன்மொழி. பொருள்: அப்பா இறந்துவிட்டார்
9.45 பெட்டியிலிருந்து நீக்கப்பட்டது
9.46 அனுப்புதல் மறுக்கப்பட்டது. நாள் வரம்பு முடிந்தது
9.46 பணி முடிந்தது

நான்கு வரி. பத்து தடவை படித்திருப்பேன்.

நடந்தது விளங்குகிறது. ஒரு நாளுக்கு 500 மெயில்தான் நம் கணக்கில் போகும். அன்று விடியற்காலை ஆடிப் பொங்கல் அழைப்பிதழை 310 வீட்டுக்கும் அனுப்பினேன். படம் மங்கல் என்று இரண்டாம் முறை அனுப்பத் தொடங்கினேன். 190 போனதும் வரம்பு முடிந்தது. மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துபோய்க் குளித்தேன். நான் குளித்து, இட்லி சாப்பிட்டு, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. நிரல் எடுத்தது, நீக்கியது, அனுப்பப் போனது, முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் பெட்டியிலும் இல்லை. உள்ளே என்ன எழுதியிருந்தாள் என்பது நம் பக்கம் யாரிடமும் இல்லை.

"பணி முடிந்தது" என்ற வரியை எந்த நிலையிலும் எழுதும்படி வைத்ததும் நானே. முடியாவிட்டாலும் முடிந்தது என்று எழுதும்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. "அல்சரா?" என்றாள் சரசு. ஆமாம் என்றேன்.

ஆனி 5, வியாழன்

காற்று. மேற்கே மேகம், மழை இல்லை.

புதிய லைப்ரரிக்கு மாறும்போது செய்ய வேண்டியவை என்று வைகாசியில் எழுதிய பட்டியலை எடுத்தேன். ஒன்பதாவது: "பழைய லாக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு." இந்தச் செய்தி தெரியும் முன்பே எழுதியது. அழித்தால் அது வேலையின் ஒரு பகுதி மட்டுமே, குற்றம் ஆகாது. நான்கு வரி. என்னைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவர் 310 வீட்டில் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அவர்களும் கேட்கப் போவதில்லை.

ஒன்பதாவதைச் செய்யவில்லை. செய்யாமல் இருந்ததற்குத் துணிச்சலும் காரணம் இல்லை, நேர்மையும் காரணம் இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

சட்டையில் இரண்டாவது பொத்தான் போயிற்று.

ஆனி 6, வெள்ளி

மா. 4.30, கோயிலில் கமிட்டி. ஆடிப் பொங்கல் பேச்சு: பந்தல், தண்ணீர் டேங்கர், மைக் செட். எல்லாம் முடிந்தபின் நாச்சிமுத்து. தகரக் கொட்டகையில் ஒன்பது பேர்.

தலைவர் சின்னுசாமி, எண்பது வயது: "அந்தப் புள்ள பொறங்கையால கண்ணத் தொடச்சுக்கிட்டே கொள்ளிச் சட்டி எடுத்துச்சாம். சொன்னாங்க. நாம இத்தன பேரு இருந்து."

பண்ணைக்காரர் தங்கவேல்: "இருவத்திரெண்டு வருசமா நாம ஆரும் வேண்டியதில்லீங்க அவியளுக்கு. இப்பக் கொள்ளிக்கு மட்டும் வேணுமாக்கும்."

சின்னுசாமி: "சேதி தெரிஞ்சாத்தானப்பா போறது."

தங்கவேல்: "அதச் சொல்லுங்க. போடாத மெயில போட்டேன்னு பழி சொல்லுது. அப்பனாட்டவே வீம்பு."

குமரேசன்: "சார்கிட்டக் கேட்டனுங்க. மெயிலே வல்லையாமா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை அசைத்தேன். எந்தப் பக்கமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய அசைவு. அவர்கள் தங்களுக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த புதன் கருமாதி. தங்கவேல் சொன்னதுதான் முடிவாயிற்று: பொய்ப் பழி சொன்னதற்கு அந்தப் புள்ள ஒரு வார்த்தை வருத்தம் சொல்லட்டும், அதுவரை யாரும் போக வேண்டியதில்லை. சின்னுசாமி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மல்லசமுத்திரம் வரும்வரை கிழங்கு விலை பேசினார். நானும் பேசினேன். எப்படி முடிந்தது என்று இப்போது வியப்பாக இருக்கிறது.

அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன். அப்பாவைப் பறிகொடுத்த பதினோராம் நாள்.

ஆனி 7, சனி

கா. 5.15. வரிசையை மாற்றினேன்.
1. கடிதத்தை எடு
2. எல்லா வீட்டுக்கும் அனுப்பு
3. எத்தனை போயிற்று என்று எண்ணு
4. எல்லாம் போயிருந்தால் மட்டும் நீக்கு
5. எல்லாம் போயிருந்தால் மட்டும் "பணி முடிந்தது" என்று எழுது
6. போகாவிட்டால் என் தொ.பேசிக்கு மணி

நடுவில் நின்றால் மறுபடி போகும், சிலருக்கு இரண்டு தடவை வரும். வரட்டும். இரண்டு தடவை வந்தால் திட்டுவார்கள். வராவிட்டால் திட்ட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

சோதித்துப் பார்க்க ஒரு சாவுச் செய்தி வேண்டும். காலமானார், இறந்துவிட்டார், கேதம் போன்ற சொல்லைக் கண்டால்தான் நிரல் அந்த வழியில் போகும். யார் பெயரைப் போடுவது? உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது. இறந்தவர் பெயரைப் போட்டு விளையாடவும் மனம் இல்லை. என் பெயரையே போட்டேன். பெறுவோர் பட்டியலில் என் முகவரியும் சரசுவுடையதும் மட்டும். அவளுடைய தொ.பேசி சமையலறையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

அது அங்கே மணி அடித்தது. பிறகு கரண்டியோடு வந்து கதவருகே நின்றாள்.

"மல்லசமுத்திரம் பொன்னுசாமி அவர்கள் இன்று காலை காலமானார்ன்னு வந்திருக்குதுங்க."

"சோதனை."

"வேற பேரே கெடைக்கலீங்களா?"

"உயிரோட இருக்கறவங்க பேரை எப்படிப் போடறது?"

"நீங்க உசுரோட இல்லீங்களா?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டியது, இருவரும் பார்த்தோம், யாரும் துடைக்கவில்லை. முழுவதும் சொன்னேன். தை மாதத்து அவமானம், நீக்கும் வரி, 9.45, தலையை அசைத்தது. நடுவில் குறுக்கே பேசவில்லை. அவளுக்கு அது அபூர்வம்.

கடைசியில், "எத்தன நாளா வெச்சிருக்கீங்க இத?"

"நாலு நாள்."

"அல்சருன்னீங்களே."

எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கேதம் கேக்கப் போகோணும். திங்கக்கெழம போலாம். நானும் வாரேன்."

ஆனி 8, ஞாயிறு

முதலில் குமரேசனிடம் சொல்லிவிட வேண்டும். வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் அவருக்கு இழிவு. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி பாடி வேலைக்கு நின்றிருந்தது. வெல்டிங் பொறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்று பேசினோம். லாக்கை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"இது ஒண்ணும் ஆளு பண்ணுன தப்பில்லைங்க சார். மெசினு. அன்னைக்கு நெட்டு இல்லைன்னு சொல்லிக்கலாம்."

"இருந்துச்சுங்க. வரம்பை முடிச்சது நான். முன்னாலயே அழிக்கச் சொன்னதும் நான்."

"ஆருக்குங்க அது வெளங்கப் போவுது? இந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடுங்க. கம்ப்யூட்டருல இருக்கறதையும் அழிச்சுருங்க. கமிட்டியில மூஞ்சி முளிக்கோணுமல்ல நாம."

வாதாட எனக்கு வராது. காகிதத்தைக் கேட்டுக் கை நீட்டினேன். அவர் தராமல் மறுபடி படித்தார். வெல்டிங் நின்றது, மறுபடி தொடங்கியது.

"கேதச் சேதி பொட்டியில தங்கக் கூடாதுன்னு நாந்தானுங்களே சொன்னேன்" என்றார்.

"நீங்க சொன்னது சரி. வரிசைதான் தப்பு."

"புள்ள அன்னைக்குப் போனுல அழுவுலீங்க சார். அழுதிருந்தாக்கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு." காகிதத்தை நான்காக மடித்துக் கொடுத்தார். "நீங்க போயிட்டு வாங்க. நான் நாலு பேருகிட்டப் பேசிப் பாக்கறேன். தங்கவேலு அண்ணன் வரமாட்டாப்ல."

வரும் வழியில் கண் சொட்டு மருந்து.

ஆனி 9, திங்கள்

மல்லசமுத்திரத்தில் 7.40 பஸ். சேலம் நெரிசலில் முக்கால் மணி நேரம், அங்கிருந்து ஜலகண்டாபுரம். சரசு வழி முழுதும் ஜன்னல் பக்கம் பார்த்தே வந்தாள். சொல்ல வேண்டியதைத் துண்டுச்சீட்டில் ஐந்து வாக்கியமாக எழுதி வைத்திருந்தேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். முதல் வகுப்பு எடுக்கப் போன நாளுக்குப் பிறகு இப்படிச் செய்தது இல்லை.

வீட்டை ஒட்டித் தறிக் கொட்டகை. அவர்களுடைய தறி நிறுத்தியிருந்தது, பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. முன் அறையில் நாச்சிமுத்துவின் படம், விளக்கு. தேன்மொழிக்கு நாற்பத்தைந்து இருக்கும். வாங்க என்றாள். முறை சொல்லிக் கூப்பிடவில்லை. அவளுடைய கணவர் பாய் விரித்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். சரசு அவள் கையைப் பிடித்து உட்கார்ந்தாள். கையைக் கொடுத்தாளே தவிர அழவில்லை.

ஐந்து வாக்கியத்தில் இரண்டு மறந்துபோயிற்று. சீட்டை எடுத்துப் படித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் எதையும் விடாமல் சொன்னேன்.

அவள் தன் தொ.பேசியை எடுத்து, தேடி, என் முன்னால் வைத்தாள். அவள் அனுப்பிய கடிதம் அவளிடம் இருந்தது. நான் முதல்முறையாகப் படித்தேன்.

"வணக்கம். என் அப்பா நாச்சிமுத்து இன்று காலை 7 மணிக்கு இறந்துவிட்டார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. பங்காளிகள் யாராவது வந்து கொள்ளி வைக்க வேண்டும். மாலை வரை காத்திருப்போம். வழி தெரியாதவர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேட்டுத் தறிக்காரர் வீடு என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். தேன்மொழி."

நாங்களும் அப்படிக் கேட்டுத்தான் வந்திருந்தோம்.

"நாலு மணி வரைக்கும் வெச்சிருந்தோமுங்க" என்றாள். "ஒவ்வொரு பஸ்ஸு வரும்போதும் இவரு போயி நின்னு பாத்துட்டு வருவாரு. பஸ் ஸ்டாண்டுல நின்னவங்கெல்லாம் கேக்கறாங்க, ஆருக்குப்பா காத்திருக்கீங்கன்னு. பொறகு நாந்தான் சட்டிய எடுத்தேன். இப்ப வந்து மெசினுங்கறீங்க."

"மெசின் இல்லைம்மா. நான். மெசின் நான் சொன்னதைத்தான் செஞ்சுது."

அவள் தொ.பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெயிலே வல்லைன்னு கமிட்டியில சொன்னது?"

"அதுவும் நான்தான்."

சரசு என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கணவர்தான், "காப்பித் தண்ணி குடிக்கறீங்களா" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று குடித்தோம்.

அந்தக் கடிதத்தை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டேன். இந்தத் தடவை எல்லா வீட்டுக்கும் போகும், கீழே என் பெயரில் நடந்ததையும் எழுதுகிறேன், வருவதும் வராததும் அவரவர் விருப்பம், ஆனால் நீ அனுப்பினாய் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்றேன்.

"அனுப்புனா மறுக்காவும் அழிச்சுருமுங்களா?"

"எல்லாருக்கும் போனப்புறம் அழிக்கும். கோயில் வழக்கம்மா."

"எங்கப்பன் ஒருக்கா அழிஞ்சது போதுமுங்க. அழிக்க மாட்டீங்கன்னா அனுப்பறேன். இல்லாட்டி வேண்டாம்."

கமிட்டியைக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. "அழிக்கலைம்மா" என்றேன்.

5.50-க்கு வீடு. வேட்டிகூட மாற்றாமல் உட்கார்ந்தேன். படித்தபின் நீக்கு: இல்லை. ஆனால் அப்படி விட்டால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கடிதத்தைப் புதிது என்று எடுத்து 310 வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கையேடு பக்கம் 88. அனுப்பிய கடிதத்தின் மேல் ஓர் அடையாளம் வைத்தால் அடுத்த முறை அதைத் தொடாமல் போகும். வைத்தேன். சோதிக்க மறுபடி என் பெயர். மூன்று நாளில் இரண்டாவது சாவு. இந்த முறை சரசுவிடம் முன்பே சொல்லிவிட்டேன். முப்பது நிமிடம் காத்திருந்தோம், மறுபடி வரவில்லை. பிறகு அந்தக் கடிதத்தைக் கையால் அழித்தேன்.

7.10, தேன்மொழிக்குத் தொ.பேசி. மாற்றிவிட்டேன் என்றேன். "செரிங்க" என்று வைத்துவிட்டாள்.

7.30 பெட்டி காலி. 7.45 காலி. 8.00 காலி. படுக்கப் போகிறேன்.

ஆனி 10, செவ்வாய்

5.00 எழுந்தேன். காலி. பால் வந்தது. காலி.

6.15 பெறப்பட்டது: 1. பொருள்: அப்பா இறந்துவிட்டார்
6.15 அனுப்புதல் தொடங்கியது
6.31 அனுப்பப்பட்டது: 310
6.31 அடையாளம் வைக்கப்பட்டது
6.31 பணி முடிந்தது

சமையலறையில் சரசுவின் தொ.பேசி மணி. இந்த முறை அவள் வரவில்லை. உள்ளேயே படித்தாள் போல.

அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட மாற்றவில்லை. "இன்று காலை 7 மணிக்கு" என்றே இருந்தது.

அடுத்து என் கடிதம். நேற்று பஸ்ஸில் திருத்தித் திருத்தி எழுதியது:

"மேலே வந்த கடிதம் வைகாசி 27 காலை 9.45-க்கே கோயில் முகவரிக்கு வந்துவிட்டது. நான் அமைத்த நிரலின் வரிசைப் பிழையால் அழிந்துபோனது. அனுப்பியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. வரவில்லை என்று கமிட்டியில் என்னால் சொல்லப்பட்டது உண்மை அல்ல. நாளை புதன் காலை ஜலகண்டாபுரத்தில் கருமாதி. க. பொன்னுசாமி, மல்லசமுத்திரம்."

"என்னால் சொல்லப்பட்டது" என்பதை அடித்துவிட்டு "நான் சொன்னது" என்று மாற்றினேன். பாடப்புத்தக நடை ஒளிந்துகொள்ள வசதி.

இன்றைக்கு 190 தான் அனுப்பலாம், மீதி 120 நாளை. அதனால் பட்டியலைத் தூரத்தின்படி அடுக்கினேன். நாளை வந்து சேரக்கூடிய ஊர்கள் முதலில்: சேலம், திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல். துபாய் கடைசியில். 8.20 முடிந்தது. விரல் அந்தப் பொத்தானில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுத மாட்டேன்.

தொ.பேசிகள். தங்கவேல்: "படிச்சவங்களாட்டவாங்க இருக்கீங்க? ஒம்பது பேருக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு." நியாயம். கேட்டுக்கொண்டேன். ராசிபுரத்துக்காரர், தை மாதம் திட்டியவர்: "நான் அன்னைக்குச் சொன்னதுக்காகவா சார் இப்படி மாத்துனீங்க?" இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. சத்தீஸ்கரிலிருந்து ஒருவர், வண்டியை விட்டு வர முடியாது, தேன்மொழியின் எண் வேண்டும் என்றார். கொடுத்தேன். அவளைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

மா. 5, குமரேசன்: "வேன் சொல்லிட்டனுங்க. காலைல அஞ்சு மணிக்கு உங்க ஊட்டு வாசல்ல."

பொத்தான் சரசு தைத்துவிட்டாள்.

ஆனி 11, புதன்

வேனில் பதினான்கு பேர். தங்கவேல் இல்லை. சின்னுசாமி முன் இருக்கையில், தடியோடு. ராசிபுரத்துக்காரர் தனியாகப் பஸ்ஸில் வந்து எங்களுக்கு முன்பே ஸ்டாண்டில் நின்றிருந்தார். மேட்டுத் தறிக்காரர் வீடு எது என்று எங்களைக் கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது.

அங்கிருந்து வேனிலேயே காவிரிக் கரைக்குப் போய்க் காரியம். பங்காளிகள் எல்லாரும் தலைமுழுகினோம். தண்ணீர் சில்லென்று இருந்தது, சின்னுசாமியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பிண்டம் வைக்கும்போது ஐயர் "பங்காளி யாரு வர்றீங்க" என்று கேட்டார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தேன்மொழி, "நானே வெக்கறனுங்க, அன்னைக்கும் நாந்தான்" என்றாள். யாரும் மறுக்கவில்லை. நாங்கள் பின்னால் ஈரத் துணியோடு நின்றோம்.

சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்கு அவளுடைய கணவர் இரண்டாவது முறை ரசம் ஊற்றினார். அவள் என்னிடம் பேசவில்லை. சரசுவிடம் கொஞ்சம் பேசினாள்.

திரும்பும் வேனில் சின்னுசாமி முன்னால் இருந்தபடியே, திரும்பாமல்: "காரியம் முடிஞ்சுதல்லப்பா. பொன்னுசாமி, அந்தக் கேதச் சேதிய இனிப் பொட்டியில இருந்து எடுத்துப் போடு. கோயில் பொட்டி அது."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கட்டுங்க மாமா" என்றேன். தவறான முறை. அவர் எனக்குப் பெரியப்பா. பதற்றத்தில் வந்துவிட்டது. யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் மறுபடி கேட்கவில்லை.

3.30 வீடு. மீதி 120 அனுப்பினேன். அனுப்பப்பட்டது: 120. பணி முடிந்தது.

4.15 லாக் பார்த்தேன். பெட்டியில் கடிதம்: 1. புதிது: 0. கால் மணிக்கு ஒருமுறை நிரல் பெட்டியைத் திறக்கிறது, அதைப் பார்க்கிறது, தொடாமல் மூடுகிறது.

4.30 பெட்டியில் கடிதம்: 1.

4.45 பெட்டியில் கடிதம்: 1.